வளையம் விழாத வட்டு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து வந்தது. உள்ளங்கை அளவுப் பை, ஜிப் வைத்தது. போன நவம்பரில், கடலுக்கடியில் மூச்சு விட உதவும் என் ரெகுலேட்டரை சர்வீஸுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கியபோது கூடவே கொடுத்தார்கள். உள்ளே கழற்றிப்போட்ட பழைய ரப்பர் ஓ-ரிங்குகள், ஒரு சின்ன சல்லடை, இரண்டு மூன்று பிளாஸ்டிக் துண்டுகள்.

மாற்றிய பாகங்களைத் திருப்பிக் கொடுப்பது இங்கே வழக்கம். 'பாருங்கள், நிஜமாகவே மாற்றினேன், சும்மா துடைத்துக் கொடுக்கவில்லை' என்பதற்குச் சாட்சி. வாங்குகிறவர் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் ஏதாவது ஒரு டிராயரில் போட்டு மறந்துவிடுவார். நானும் டிராயரில் போட்டேன். மறக்கத்தான் முடியவில்லை.

வடகோடிக் கடலோரத்து ஷாரி ஊர் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது திடீரென்று தோன்றியது: அந்தப் பைக்குள் ஒரு புதுப் பாகம் இருந்தால்? அப்படியானால் பழையது எங்கே இருக்கும்?

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. யோசித்தபடியே நின்றேன்.

(பொய். ஏறினேன். மைனஸ் பன்னிரண்டு டிகிரி. ஏறாமல் என்ன செய்வது.)

2

தொடக்கம் ஒன்று: "பனிக்கு அடியில் மௌனம் என்பது ஒரு" — வேண்டாம். பனிக்கு அடியில் மௌனமே கிடையாது. நம் மூச்சே காதுக்குள் லாரி மாதிரி ஓடும்.

தொடக்கம் இரண்டு: "இசோயா மிட்சுயோ ஒருபோதும் தவறு செய்ததில்லை." இதைப் படித்தவுடனே நீங்கள் தவறுக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவீர்கள். வேண்டாம்.

தொடக்கம் மூன்று: கருவியை விளக்கிவிட்டு ஆரம்பிப்பது. அலுப்புத்தான். ஆனால் இது தெரியாவிட்டால் பின்னால் அந்தப் பெண் ஏன் சோற்று உருண்டையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள் என்று புரியாது. சட்டென்று சொல்லிவிடுகிறேன்.

முதுகில் இருக்கும் தொட்டியில் காற்றை இருநூறு மடங்கு அழுத்தி அடைத்திருக்கிறார்கள். அப்படியே வாயில் விட்டால் வாய் இருக்காது. அதனால் வழியில் இரண்டு கதவுகள். முதல் கதவு தொட்டியின் கழுத்தில் உட்கார்ந்து இருநூறைப் பத்தாகக் குறைக்கும். இரண்டாவது கதவு உங்கள் பல்லுக்கு நடுவில். உறிஞ்சினால் திறக்கும், விட்டால் மூடும். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் ரெகுலேட்டர்.

முதல் கதவுக்குள் ஒரு பிளாஸ்டிக் வட்டு இருக்கிறது. சட்டைப் பொத்தானில் பாதி அளவு. தொழிலில் அதற்கு சீட் என்று பெயர். நான் வட்டு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். நீங்கள் மூச்சை இழுக்கும்போதெல்லாம் அது ஓர் உலோக விளிம்பை விட்டு மயிரிழை விலகும். மறுபடி போய் ஒட்டும். ஆயிரக்கணக்கான முறை ஒட்டி ஒட்டி வட்டின் முகத்தில் ஒரு மெல்லிய வளையம் பதிந்துவிடும். வளையம் இருந்தால் பழையது. மொழுமொழுவென்று இருந்தால் புதியது.

பழைய வட்டைக் கழற்றி அதையே திருப்பி மாட்டினால் என்ன ஆகும்? பழைய பள்ளத்தில் அது சரியாக உட்காராது. காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். உள்ளே அழுத்தம் ஏறும். ஏறி ஏறி வாயிலிருக்கும் கதவை அதுவே தள்ளித் திறந்துவிடும். காற்று நிற்காமல் கொட்டும். சாதாரணக் கடலில் இது தொல்லை, அவ்வளவுதான், மேலே வந்துவிடலாம். உறைபனிக் கடலில் அப்படி இல்லை. கொட்டுகிற காற்றே கதவைக் குளிர்வித்து, திறந்தபடி உறைய வைத்துவிடும். சில நிமிடங்களில் தொட்டி காலி. தலைக்கு மேலே பனி. வெளியே வர ஒரே ஒரு துளை.

முடிந்தது விளக்கம். இனி ஆட்கள்.

3

இசோயாவுக்கு நாற்பத்து நான்கு வயது. ரெகுலேட்டர் சர்வீஸ் செய்கிறவள். அவளுடைய பட்டறை முன்பு முடிதிருத்தும் கடையாக இருந்தது. கண்ணாடியை எடுத்துவிட்டாள், நாற்காலியை எடுக்கவில்லை. இரும்பு நாற்காலி, தரையோடு திருகியது. வருகிறவர்கள் அதில்தான் உட்கார வேண்டும். பேசும்போது தங்களை அறியாமலே அதைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

அந்த டிசம்பரில் அதில் சுற்றிக்கொண்டிருந்தவர் நிஷிகோரி. பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கிற டேங்கர் லாரி ஓட்டுகிறவர். அறுபத்தொரு வயது. மடியில் துண்டு சுற்றிய பழைய ரெகுலேட்டர்.

"இதைக் கொஞ்சம் பாருங்க, இசோயா சான். லீவு விட்டா ஒகினாவா போயிடுவேன்ல, பதினோரு வருஷம் என்கூட இறங்கினது. இதோடயே பனிக்கடியில போயிடலாம்ல?"

(சான், இங்கே பெயரோடு சேர்க்கும் மரியாதைச் சொல்.) இசோயா வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "நல்ல கருவி."

நிஷிகோரி நாற்காலியை நிறுத்தினார். "அப்போ ஆகாதுங்கிறீங்க."

"நான் அப்படிச் சொல்லலையே."

"மூஞ்சி சொல்லுதே."

இசோயா சிரித்துவிட்டாள். "இந்த ஓட்டையைப் பாருங்க. கடல் தண்ணி இது வழியா உள்ள வந்து ஸ்பிரிங்கைச் சுத்தி நிக்கும். ஒகினாவாவுல அது வெதுவெதுன்னு இருக்கும். இங்க மைனஸ் ஒன்னரை. நீங்க மூச்சை இழுத்தா காத்து விரியும், விரிஞ்சா இன்னும் குளிரும், அந்தத் தண்ணி அப்படியே கல்லாயிடும். கதவு திறந்தவாக்குல ஒட்டிக்கும்."

"அட, என் லாரி வால்வு மாதிரி!"

"அதுவும் உறையுமா?"

"கடைசிப் பண்ணை வாசல்ல தினமும். வெந்நீர் ஊத்துவேன். கூடவே நாலு கெட்ட வார்த்தையும் ஊத்துவேன். ரெண்டும் சேந்தாத்தான் திறக்கும்."

"கடலுக்கடியில ரெண்டையும் ஊத்த முடியாது, நிஷிகோரி சான்."

அவர் கொஞ்ச நேரம் அரைவட்டமாக ஆடிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "சரி, புதுசு வாங்குறதுன்னா எதை வாங்கறது? லேசா மூச்சு வர்றதா ஒண்ணு சொல்லுங்க. எனக்கு வயசாச்சு."

"பனிக்கு லேசா வர்றது வேண்டாம். சட்டுன்னு திறக்கிற கதவுதான் சட்டுன்னு உறையும். கொஞ்சம் பிகு பண்ற கதவு நல்லது."

"என் வீட்டுக்காரியைப் பத்திப் பேசுறீங்களா?"

"அவங்ககிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்."

[இங்கே நிஷிகோரி ஏன் பனிக்கடியில் போக ஆசைப்படுகிறார் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். இறந்துபோன தம்பி, குழந்தைப் பருவம், கடலில் விழுந்த ஒரு குல்லாய். அழித்துவிட்டேன். ஒருவர் ஆசைப்பட யாராவது செத்திருக்க வேண்டுமா என்ன? அவரே சொல்லட்டும்.]

"முப்பது வருஷமா லாரியில இருந்து பாக்குறேன், இசோயா சான். ஜனவரி கடைசியில கடல்ல பனி வெள்ளையா வந்து நிக்குது. மார்ச்ல போயிடுது. கீழ என்ன இருக்குன்னு பாத்ததே இல்ல. அவ்வளவுதான். காது டாக்டர் இந்த வருஷம் இறங்கலாம்னுட்டார். அடுத்த வருஷம் என்ன சொல்வாரோ."

இசோயா எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய ஒரு ரெகுலேட்டரைக் கொண்டுவந்தாள். கனமானது. முகப்பு முழுக்க மூடியது.

"இது என்னோடது. நாலு குளிர்காலம் என்கூட இறங்கியிருக்கு. கடல் தண்ணி உள்ள போகவே போகாது. மூச்சு கொஞ்சம் கனமா வரும். ஆனா வரும். முழுசா பிரிச்சு சர்வீஸ் பண்ணித் தரேன், எடுத்துக்கோங்க."

"நீங்க வாயில வச்சதையா நான் வைக்கணும்?"

"வாய்ப்பிடி புதுசு போடுவேன்! அசிங்கமா பேசாதீங்க."

"நான் என்ன அசிங்கமா பேசினேன்?" நிஷிகோரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். "நாலு குளிர்காலமா?"

"நாலு."

"நீங்க உயிரோடதான் இருக்கீங்க."

"பாத்தாத் தெரியலையா?"

"சரி, குடுங்க."

இப்படித்தான் அவர் தேர்ந்தெடுத்தார். பட்டியல் பார்த்து அல்ல, ஆளைப் பார்த்து. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைக்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இசோயாவால் பின்னால் இதை மறக்க முடியவில்லை.

4

இந்த இடத்தில் கதை மூன்று வாரம் நின்றுபோனது.

சிக்கல் இதுதான். இசோயா கெட்டிக்காரி. அவள் எப்படிப் பழைய வட்டை உள்ளே வைப்பாள்? நிலநடுக்கம் வந்து மேஜையில் வட்டுகள் கலந்துவிட்டன என்று எழுதினேன். எழுதத் தெரியாதவன் நிலநடுக்கத்தைக் கூப்பிடுவான், அழித்தேன். போன் வந்தது என்று எழுதினேன். பிறகு மேஜையில் ஏறிய ஒரு பூனை. பூனை எனக்குப் பிடித்திருந்தது. பூனையோடு கதையை எடுத்துக்கொண்டு, எனக்கு நிஜமாகவே ரெகுலேட்டர் சர்வீஸ் செய்கிற ஆளிடம் போனேன்.

(அவர் பெயரைப் போடக் கூடாது என்று நிபந்தனை. பட்டறைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது தாண்டியவர். இசோயாவைப் பெண்ணாக்கியதே அவர் தன்னைப் பற்றி எழுதியதாக நினைத்துவிடக் கூடாது என்றுதான். சுற்றும் நாற்காலி மட்டும் அவருடையது. அதை விட மனசு வரவில்லை.)

அவர் படித்தார். நான் நாற்காலியில் சுற்றினேன்.

"பூனையா?"

"ஒரு யோசனைதான்."

"என் மேஜையில பூனையா?"

"உங்க மேஜை இல்ல. இசோயாவோட மேஜை."

"இசோயாவைக் கூப்பிட்டுக் கேளு, மேஜையில பூனையை விடுவாளான்னு." தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். தேநீர்கூடக் கொடுக்கவில்லை. கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். இந்த முறை தேநீர் இருந்தது. அதை ஆறவிட்டுவிட்டு, ஒரு வெள்ளைத் தட்டை எடுத்து மேஜையில் வைத்தார். இடது பக்கம் ஒரு பழைய வட்டு. வலது பக்கம் ஒரு புதியது.

"கழட்டினது எப்பவும் இடது. போடப்போறது வலது. என் கை பாக்காமலே எடுக்கும். புரியுதா?"

"புரியுது."

"இப்ப நீ கஸ்டமர். எதிர்ல உக்காந்திருக்கே. நான் உனக்குக் காட்டணும். எப்படிக் காட்டுவேன்?"

இரண்டு கையாலும் தட்டைத் தூக்கினார். எனக்கு நேராக இருக்கும்படி அரைவட்டம் திருப்பினார். லேசாகக் குனிந்து என் முன்னால் வைத்தார். தேநீர்க் கோப்பையை, பெயர் அட்டையை, எதையும் இங்கே அப்படித்தான் நீட்டுவோம். வாங்குகிறவர் பக்கம் முகம் இருக்க வேண்டும்.

நான் பார்த்தேன். குனிந்தேன். அவர் தட்டை அப்படியே இழுத்துக்கொண்டார். திருப்பவில்லை. கை தானாக வலது பக்கம் போய் ஒரு வட்டை எடுத்தது. அதில் வளையம் இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். அவர், "பூனையை எடுத்துடு" என்றார். "தட்டு வை."

5

ஆகவே தட்டு.

பிப்ரவரி, புதன்கிழமை, காலை ஒன்பதரை. மற்ற பாகங்களையெல்லாம் இசோயா மாற்றி முடித்துவிட்டாள். தட்டில் மிச்சமிருந்தவை இரண்டு வட்டுகள்தான். அப்போதுதான் நிஷிகோரி பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். மதியம் ஒரு மணிக்கு உதோரோ கடற்கரையில் பனிக்கடியில் இறங்கப் போகிறார். பள்ளிச் சுற்றுலா போகிற பையன் மாதிரி இருந்தார்.

"கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டேன்."

"ஒரு மணி நேரம் சீக்கிரம்."

"தூக்கம் வரல, இசோயா சான். உள்ள என்ன பண்றீங்கன்னு காட்டுங்களேன்."

அவள் தட்டைத் தூக்கினாள், அவர் பக்கம் திருப்பினாள், குனிந்து வைத்தாள். "இந்த வளையம் தெரியுதா? நாலு வருஷ மூச்சு. இது போயிடுது. மொழுமொழுன்னு இருக்குல்ல, இதுதான் உங்களுக்கு."

"உங்க மூச்சு இவ்வளவு அழகா வட்டமா இருக்கே."

"உக்காருங்க பேசாம."

அவள் தட்டை இழுத்தாள். கை வலது பக்கம் போனது.

மாட்டி முடித்து அழுத்தமானியை வைத்தபோது முள் ஒரு மயிரிழை ஏறியது. பிறகு நின்றது. அவள் அதைப் பார்த்தாள். பார்க்காமல் இல்லை. புது வட்டு விளிம்பில் படிகிறபோது முதல் சில நிமிடம் முள் அப்படித்தான் லேசாக ஏறும். படிகிறது என்று நினைத்தாள். (இதையும் பட்டறைக்காரர்தான் சொன்னார். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அது ஏன் என்று அன்று நான் யோசிக்கவில்லை.)

கழற்றிய பாகங்களைப் பையில் போட்டு நீட்டினாள். நிஷிகோரி கையை ஆட்டினார். "எனக்கெதுக்கு? எங்க வீட்டு டிராயர் எல்லாம் ஏற்கெனவே மூட மாட்டேங்குது. நீங்களே போட்டுடுங்க."

அவர் வாங்கிக்கொண்டு போயிருந்தால் இந்தக் கதை இல்லை. டிராயருக்குள் போயிருக்கும்.

6

மறுநாள் எரியும் குப்பை எடுக்கிற நாள். அதற்காக அன்று மதியமே, ஒன்றேகால் மணிக்கு, இசோயா ஒரு கையில் சால்மன் வைத்த சோற்று உருண்டையோடு பையைப் பிரித்து மேஜையில் கொட்டினாள். ரப்பர் ஒரு பக்கம், அது எரியும் குப்பை. சல்லடை ஒரு பக்கம், அது உலோகம். பிளாஸ்டிக் தனி. இந்த ஊரில் மாற்றிப் போட்டால் பையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வாசலிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அதைவிட அவமானம் வேறு இல்லை.

வட்டை எடுத்தாள். விரல் நுனியில் மொழுமொழுவென்றிருந்தது.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். வளையம் இல்லை.

சோற்று உருண்டையை வைத்துவிட்டு எழுந்தாள்.

[முதல் வரைவில் இதற்குப் பிறகு எட்டுப் பக்கம் கார் ஓடுகிறது. போன் கிடைக்கவில்லை, பனிப்புயல், நாற்பது கிலோமீட்டர் மலையோரச் சாலை, நடுவில் ஒரு மான். எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள். பட்டறைக்காரர் மானில் நிறுத்தி, "உதோரோவுல சிக்னல் நாலு கோடு இருக்குமே" என்றார். நிஜம்தான். எட்டுப் பக்கமும் போய்விட்டது. மான் மட்டும் மனசில் நிற்கிறது.]

ஆகவே அவள் போன் செய்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"ஓனுமா பேசுறேன்." பனித்துளையின் விளிம்பில் கயிற்றைப் பிடித்து நிற்கிறவர் ஓனுமா. இறங்குகிறவர்களின் இடுப்பில் கட்டிய கயிறு அவர் கையில் முடிகிறது.

"ஓனுமா சான், நிஷிகோரி சான்..."

"இப்பத்தான் இறங்கினார். நாலு நிமிஷம் ஆச்சு. கைடு பக்கத்துலயே இருக்கா. என்ன விஷயம்?"

இசோயா கையிலிருந்த வட்டைப் பார்த்தாள்.

"நான் கொடுத்த ரெகுலேட்டர் செட்டுல அழுத்தம் பத்தி ஒரு சின்ன சந்தேகம்."

"சின்னதுன்னா எவ்வளவு?"

இசோயா வட்டை இன்னொரு முறை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இசோயா சான், இழுக்கணுமா?"

7

இப்போது உங்களோடு ஒரு நிமிடம் பேச வேண்டும். இங்கேதான் எனக்கும் கை நின்றது.

இழுக்கச் சொன்னால் என்ன என்று தோன்றும். ஓனுமா கயிற்றை நாலு முறை சுண்டி இழுப்பார். 'உடனே வா' என்று அர்த்தம். முதல் முறை பனிக்கடியில் இறங்கியிருக்கிற அறுபத்தொரு வயசு மனிதர். திடீரென்று இடுப்பு இழுபடுகிறது. பயப்படுவார். பயந்தால் வேகமாக மூச்சு வாங்குவார். வேகமாக மூச்சு வாங்கினால்தான் கதவு உறையும். இழுப்பதே அவளுக்குப் பயமாக இருந்ததை நடத்திவைக்கும்.

இழுக்காமல் விட்டால்? அமைதியாக மூச்சு விடுகிற வரைக்கும் ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஒருவேளை. அவரிடம் மாற்று செட் ஒன்று தனியாக இருக்கிறது, கைடு பக்கத்தில் இருக்கிறாள். ஆனால் ஒருவேளை என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாரையும் பனிக்கடியில் விட முடியாது.

இசோயா என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியும். சரியா என்று தெரியாது.

"ஓனுமா சான், குமிழி எப்படி வருது?"

"வருது."

"நிறுத்தி நிறுத்தியா, நிறுத்தாமலா?"

"நிறுத்தி நிறுத்தித்தான். ஏன்?"

"போனைத் துளைக்கிட்ட வைங்க. சத்தம் கேக்கணும்."

ஓனுமா காரணம் கேட்கவில்லை. மண்டியிடுகிற சத்தம், கையுறை உரசுகிற சத்தம், பிறகு கடல். பனியின் அடிவயிற்றில் குமிழிகள் மோதி உருண்டு துளை வழியாக மேலே வந்து உடைகிற சத்தம்.

குபுகுபு. நிறுத்தம். குபுகுபு. நிறுத்தம்.

நிறுத்தி வந்தால் அது மூச்சு. நிறுத்தாமல் வந்தால் கோளாறு. இசோயா நாற்காலியில் உட்கார்ந்தாள், கஸ்டமர்களின் நாற்காலியில். போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். குபுகுபு, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. குபுகுபு. ஐந்து எண்ணுவதற்குள் அடுத்தது வந்துவிட்டால் அவள் விரல்கள் வட்டை இறுக்கின. ஆறு ஏழு என்று போனால் தளர்ந்தன. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, அவளும் அவர் மூச்சுக்கே மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

நாலு வருஷம் அவள் மூச்சு பதித்த வளையத்தில் இப்போது அவருடையது.

பதினோராவது நிமிடம். குபுகுபு. நிறுத்தம். ஐந்து, ஆறு, ஏழு. எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று. இது அவள் எதிர்பார்த்த கோளாறு இல்லை. இந்த வட்டு கெட்டால் காற்று கொட்டும், நிற்காது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எண்ணினாள். பன்னிரண்டு. பதிமூன்று. "ஓனுமா சான், இழு" —

குபுகுபுகுபு.

"என்ன சொன்னீங்க?" துளையிலிருந்து தள்ளி, காற்றில் ஓனுமாவின் குரல்.

"ஒண்ணுமில்ல. அங்கேயே வைங்க."

இருபத்து மூன்று நிமிடம். வேறு எதுவும் நடக்கவில்லை. வெளியே பனி வாரும் வண்டி ஒரு தடவை போய்த் திரும்பி வந்தது. சோற்று உருண்டை காய்ந்தது.

பிறகு தண்ணீர் கிழிகிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம், போன் கை மாறுகிற சத்தம்.

"இசோயா சான்! லைன்லயா இருக்கீங்க? இவ்வளவு நேரமுமா? எனக்காகவா?" குளிரில் உதடு மரத்து வார்த்தைகள் குழறின. "கீழ பச்சையா இருக்கு! வெள்ளையா இருக்கும்னு நினைச்சேன், பச்சை! அப்புறம் விரல்நுனி அளவு ஏதோ ஒரு உயிர், உள்ள சிவப்பா விளக்கு வச்ச மாதிரி, ரெக்கை அடிச்சுக்கிட்டே வந்து கண்ணு முன்னாடி நின்னுது. மூச்சு விட்டா ஓடிப்போயிடுமோன்னு மூச்சையே பிடிச்சுக்கிட்டேன்!"

"மூச்சைப் பிடிக்கக் கூடாது, நிஷிகோரி சான். சொல்லியிருக்கேன்ல."

"திட்டுங்க, திட்டுங்க. உங்க செட்டு என்னமா வேலை செய்யுது! கடைசியில மட்டும் கொஞ்சம் புஸ்ஸுன்னுச்சு, என் வீட்டுக்காரி மாதிரி, அவ்வளவுதான். கேளுங்க, நாளைக்கும் இறங்கலாம்னு ஓனுமா சான் சொல்லிட்டார். நாளைக்கும் இதேதான்!"

8

இங்கிருந்து எனக்கு இரண்டு முடிவுகள் இருந்தன.

முடிவு அ: பதினோராவது நிமிடத்தில் நிஜமாகவே உறைந்துவிடுகிறது. கைடு மாற்று செட்டை வாயில் வைக்கிறாள். எல்லோரும் பிழைக்கிறார்கள். எழுதிப் பார்த்தேன். வேகமாக ஓடியது. ஆனால் அதில் தவறு தானாகவே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. இசோயா வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை. அது அவளுக்கு நான் காட்டும் சலுகை.

முடிவு ஆ: சொல்லிவிடுகிறாள். கார் எடுத்துக்கொண்டு போய், பனியில் நின்று, இடுப்பு வளையக் குனிந்து சொல்கிறாள். நிஷிகோரி ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். "உங்க மூச்சைத்தான் நானும் விட்டேனா!" எனக்கே கண் கலங்கியது. மறுநாள் படித்தபோது சந்தேகம் வந்தது. பனிக்கடியில் இருந்தது அவர். மன்னிப்பை அவர் சார்பில் அள்ளிக் கொடுக்க நான் யார்?

இரண்டையும் பட்டறைக்காரரிடம் கொண்டுபோனேன். போன வாரம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மெதுவாகப் படித்தார். போன் காட்சியில் ஒரு பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

"மத்தபடி சரியா இருக்கு" என்றார். "முடிவு ரெண்டும் நல்லா இருக்கு."

அவர் 'நல்ல கருவி' என்று சொல்கிற குரல்.

"அப்போ ஆகாதுங்கிறீங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தட்டை எடுத்தார். துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது.

"நான் சொல்லல" என்றார்.

ஆகாது என்று தான் சொல்லவில்லை என்கிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பதினாலு வருஷம் ஆச்சு. வட்டை மாத்திப் போட்டது எனக்கு அன்னிக்கு சாயங்காலம்தான் தெரிஞ்சுது, அதுக்குள்ள கஸ்டமர் மேல வந்துட்டார். மறுநாளும் இறங்கறதா இருந்தார். போன் பண்ணினேன். என்ன சொல்றதுன்னு யோசிச்சு வச்சிருந்தேன். 'மன்னிச்சுக்கோங்க'ன்னு ஆரம்பிச்சேன். அவர், 'ஐயோ, எதுக்கு மன்னிப்பெல்லாம், எவ்வளவு நல்லா வேலை செஞ்சுது தெரியுமா'ன்னார். அப்புறம் வாய் வேற சொல்லிடுச்சு. 'முதல் தடவை இறங்கினதுக்கப்புறம் நான் இன்னொரு தடவை பாத்துத் தர்றது வழக்கம், கொண்டு வாங்க'ன்னுட்டேன். அப்படி ஒரு வழக்கமே கிடையாது. வந்தார். மாத்திக் கொடுத்தேன். 'இவ்வளவு அக்கறையா யாருமே செஞ்சதில்ல'ன்னு ரெண்டு தடவை குனிஞ்சார்."

"அப்புறம்?"

"அந்த வருஷத்துல இருந்து இலையுதிர்காலம் வந்தா ஒரு பெட்டி உருளைக்கிழங்கு அனுப்பறார். சொந்தத் தோட்டத்துல விளைஞ்சது."

"இப்பவுமா?"

அவர் கையால் காட்டினார். நாற்காலிக்குப் பின்னால், கதவோரம், பாதி காலியான அட்டைப்பெட்டி. போன நவம்பரில் என் பையைக் கொடுத்தபோது, 'கொஞ்சம் எடுத்துட்டுப் போ' என்று அதிலிருந்துதான் நாலு கிழங்கு கொடுத்திருந்தார். நான் அவித்து வெண்ணெய் போட்டுத் தின்றிருந்தேன். நன்றாக இருந்தது.

"நான் என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன்.

"என்னைக் கேக்காதே" என்றார். "என்கிட்ட பதினாலு வருஷம் இருந்துச்சு. என்னாலயே முடியல."

9

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

புதன்கிழமை, மதியம் ஒன்றே முக்கால். இசோயா சுற்றும் நாற்காலியில் இருக்கிறாள், ஆனால் சுற்றவில்லை. மேஜையில் ரப்பர் ஒரு குவியல், உலோகம் ஒரு குவியல், பிளாஸ்டிக் ஒரு குவியல். மூன்றிலும் சேராமல் அவள் கையில் அந்த வட்டு. இன்னும் யாருடைய மூச்சும் படாதது.

நாளை அவர் இறங்கப் போகிறார். அந்த செட் எப்படியும் இன்று சாயங்காலத்துக்குள் அவள் கைக்கு வந்தாக வேண்டும். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை. வரவழைக்க அவளுக்கு ஒரே ஒரு வாக்கியம் தேவை. பொய்யான வாக்கியம் தயாராக இருக்கிறது, எளியது, பட்டறைக்காரர் பதினாலு வருஷத்துக்கு முன்பே அதைச் செய்து வைத்துவிட்டார். நிஜமான வாக்கியமும் நீளமில்லை. தட்டு, வலது, இடது, வட்டு. அவ்வளவுதான்.

"இசோயா சான்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"சொல்லுங்க."

அவள் மூச்சை இழுத்தாள். இந்த முறை அது அவளுடைய சொந்த மூச்சு.

"நிஷிகோரி சான்," என்றாள், "